தீவுக்குள் ஓர் எல்லை நதி

ஒரு தேசத்தில் உற்பத்தியாகி வேறொரு தேசத்தில் சமுத்திரத்தை அடையும் நதிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம், பத்து நாடுகளைத் தொட்டுச் செல்லும் டான்யூப் நதியையும், சீனத்தில் தோன்றி வியட்நாமில் முடியும் மேகொங் நதியையும், இரு நாடுகளுக்கிடையே 1960இல் உடன்படிக்கையால் பங்கிடப்பட்ட சிந்து நதியையும் உதாரணம் காட்டுவது வழக்கமாக இருக்க, இலங்கையின் பெயர் அந்த வரிசையில் ஒருபோதும் வருவதில்லை. வர வேண்டிய நியாயமும் இல்லை என்றே பூகோளப் படத்தை விரித்துப் பார்க்கிறவர் சொல்வார். இத்தீவில் 103 ஆற்று வடிநிலங்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் ஒவ்வொன்றும் தீவுக்குள்ளேயே பிறந்து தீவின் கரையிலேயே கடலோடு கலக்கிறது. ஆனால் இன்றைய படத்தை மடித்து வைத்துவிட்டு, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட படம் ஒன்றை மனத்தில் வரைந்துகொண்டால், புசல்லாவையிலே நம் காலடியில் சலசலத்து ஓடும் நீர், ஓர் அரசனுடைய இராச்சியத்தில் பிறந்து, அவனுக்குச் சற்றும் கட்டுப்படாத வேறோர் அதிகாரத்தின் மண்ணில் கடலைச் சேர்ந்ததென்பது தெரியவரும். மகாவலி கங்கை அன்று ஓர் எல்லை கடந்த நதி.

முதலில் அதன் வழியைச் சொல்லிவிடுவோம். கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில், கம்பளையைத் தாண்டி மலையேறிப் புசல்லாவையை அடைந்து, அதற்கு மேல் றம்பொடையை நோக்கிச் செல்கிறவர், வீதியின் ஒரு புறத்திலே தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே அகன்று கிடக்கும் கொத்மலை நீர்த்தேக்கத்தைக் காணாமல் செல்ல முடியாது. அந்த நீர்த்தேக்கத்தின் அடியிலே பழைய ஆற்றுப்படுகை கிடக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியின் சாரலில் பிறந்து, அக்ரா ஓயா என்னும் பெயருடன் இறங்கித் தலவாக்கலையைக் கடந்து, நானுஓயா, பூண்டுலோயாப் பக்கத்து நீரையும் றம்பொடை அருவியின் நீரையும் சேர்த்துக்கொண்டு வருவது கொத்மலை ஓயா. ஹட்டன் மலைகளிலிருந்து நாவலப்பிட்டி வழியாக வருவது மற்றொரு கிளை. இவ்விரண்டும் நாவலப்பிட்டிக்கும் கம்பளைக்கும் இடையில் ஒன்றுகூடியபின், பதினான்காம் நூற்றாண்டில் ஓர் இராஜதானியாக விளங்கிய கம்பளையையும், பேராதனையையும் தழுவிச் சென்று, கண்டி நகரை மூன்று பக்கங்களிலும் வளைத்துக்கொண்டு, பொல்கொல்லைக்கு அப்பால் கிழக்கே திரும்பி, மினிப்பேயை அடையும்வரை மலைகளை உடைத்துக்கொண்டு இறங்குகிறது. அங்கே மலை முடிகிறது; நதியும் தன் சுபாவத்தை மாற்றிக்கொண்டு வடக்கு நோக்கிச் சமவெளியில் சோம்பி நடக்கத் தொடங்குகிறது. அம்பன் கங்கையை இடப்புறத்தில் ஏற்று, மழைக்காலத்தில் வில்லுகள் என்னும் வெள்ளச் சதுப்புகளை நிரப்பி, யானைக் காடுகளினூடே சென்று, கடைசியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவிலும், மற்றது சித்திர வேலாயுத சுவாமி கோயில் அமைந்த வெருகலிலும் கடலை அடைகின்றன. மொத்த நீளம் 335 கிலோமீட்டர். நதிக்கு நீர் தரும் நிலமோ தீவின் பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு.

கொட்டியாரக் குடாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதன் அடியில் கடலுக்குள் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்கிச் செல்கிறது. அதனால் கரைக்கு வெகு அருகிலேயே நீர் மிக ஆழமாக இருக்கிறது. பாய்க்கப்பல்களின் காலத்திலே, பருவக்காற்றுக்கு ஒதுங்க இடம் தேடிய மாலுமிகளுக்குத் திருகோணமலைத் துறையும் இந்தக் குடாவும் கிடைத்தற்கரிய புகலிடங்களாக இருந்தன. மலைநாட்டு மன்னர்களுக்கோ அது தங்கள் நதியின் வாய். வெளியுலகத்தோடு பேசுவதற்கு எஞ்சியிருந்த வாசல்களில் ஒன்று.

அந்த வாசலிலேதான் 1659ஆம் ஆண்டின் இறுதியில், புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் நங்கூரமிட்டது. கப்பலைச் செப்பனிட வந்தவர்களை இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்கள் அடுத்த ஆண்டில் சிறைபிடித்து உள்நாட்டுக்குக் கொண்டு சென்றனர். அவ்வாறு பிடிபட்டவர்களில் இருபது வயதைத் தொடாத றொபட் நொக்ஸ் என்ற வாலிபனும் ஒருவன். இரும்புச் சங்கிலியும் இருட்டறையும் இல்லாத சிறை அது. ஊர் ஊராகப் பிரித்து வைக்கப்பட்ட கைதிகள், தொப்பி பின்னியும் நெல் வட்டிக்குக் கொடுத்தும் தாமே பிழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நொக்ஸ் தன் காலத்தின் பெரும்பகுதியைக் கம்பளைக்கு அயலான உடுநுவரையில், எலதெத்த என்னும் ஊரில் கழித்தான். மலையும் காடும் ஆறும் மன்னனுக்குச் செலவில்லாத காவற்காரர்களாக இருந்தன.

அவன் தப்பிய கதை நம் விஷயத்துக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. கத்தி, புகையிலை, துணி முதலியவற்றை விற்கும் வியாபாரியாகத் திரிந்து நாட்டின் வடபகுதிப் பாதைகளை ஆண்டுக்கணக்காகப் படித்தறிந்த நொக்ஸ், 1679இல் தன் தோழன் ஸ்டீபன் றட்லண்ட் என்பவனோடு அநுராதபுரத்தை அடைந்து, அங்கிருந்து மல்வத்து ஓயாவின் படுகையைப் பற்றிக்கொண்டு நடந்தான். காட்டில் வழி தெரியாதவனுக்கு ஆற்றைவிட நம்பகமான வழிகாட்டி வேறு இல்லை. கீழ்நோக்கி ஓடும் நீர் எப்படியும் கடலில் கொண்டு சேர்க்கும். கண்டி மன்னனின் ஆணை செல்லும் ஊர்களைக் கடந்து, தமிழ் பேசும் வன்னிநாட்டு விளிம்பைக் கடந்து, அந்த ஆறு அருவி ஆறு என்னும் தமிழ்ப் பெயரோடு மன்னார்க் கரையை நெருங்கும் இடத்தில், அரிப்பு என்னுமூரில் இருந்த ஒல்லாந்தரின் கோட்டையை அக்டோபர் மாதத்தில் அவ்விருவரும் அடைந்தனர். பத்தொன்பது ஆண்டுச் சிறைவாசம் ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் தொடங்கி வேறோர் ஆற்றின் முகத்துவாரத்தில் முடிந்தது. இரண்டு ஆறுகளுமே ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குப் பாய்ந்துகொண்டிருந்தன. 1681இல் லண்டனில் வெளியான நொக்ஸின் நூல் மலைநாட்டு வாழ்வைப் பற்றிய அரும்பெரும் சாட்சியம் என்பது எல்லோரும் ஒப்புவது. அதை எல்லைகளைப் பற்றிய ஒரு நூலாகவும் வாசிக்கலாம் என்பது என் எண்ணம்.

நொக்ஸின் காலத்து எல்லை தெளிவற்றது. கொட்டியாரத்தை ஒல்லாந்தர் பிடிப்பார்கள், மன்னனின் ஆட்கள் குழப்பம் செய்வார்கள், உள்ளூர் வன்னியத் தலைவர்கள் யாருக்குத் திறை செலுத்துவதென்று காற்றின் போக்கைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். அந்த எல்லை எழுத்திலே உறுதிப்பட்டது நூறாண்டுகள் கழித்து. தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்து 1747இல் முடிசூடிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனுக்கும் ஒல்லாந்தக் கம்பெனிக்கும் மூண்ட யுத்தத்தில், 1765ஆம் ஆண்டு தேசாதிபதி வான் எக்கின் படை கண்டி நகருக்குள்ளேயே புகுந்தது. ஆயினும் மலைநாட்டின் நோயும் பசியும் மறைந்திருந்து தாக்குவோரின் அம்பும் அப்படையை அங்கே நிலைக்கவிடவில்லை. நகரைப் பிடித்தவர்களும் நிலைத்திருக்க முடியாமல், நகரை இழந்தவனும் முற்றாகத் தோற்காமல் இரு தரப்பும் களைத்துப்போன நிலையில், புதிய தேசாதிபதி ஃபால்க் முன்னின்று 1766 பெப்ரவரி 14ஆம் தேதி ஓர் உடன்படிக்கையை முடித்தார்.

அந்த உடன்படிக்கையின் சாரம் ஒரே வாக்கியத்தில் அடங்கும். அதுவரை கம்பெனியிடம் இல்லாத கரையோரப் பகுதிகளும் சேர்ந்து, தீவைச் சுற்றிலும், கடலிலிருந்து ஏறக்குறைய 4 மைல் அகலமுள்ள நிலம் முழுவதும் ஒல்லாந்தரின் பூரண ஆதிபத்தியத்துக்குள் வந்தது. படத்தில் பார்த்தால் அது ஒரு மெல்லிய வரம்பு. விளைவிலோ அது ஒரு கழுத்துச் சுருக்கு. மகாவலி கங்கை தன் நீண்ட பிரயாணத்தில் கடைசி நான்கு மைல் நீங்கலாக மற்றெல்லாத் தூரத்தையும் கண்டி மன்னனின் நாட்டில் ஓடிய நதி. அந்தக் கடைசி நான்கு மைலில்தான் அந்நிய அரசினுள் புகுந்தது. கண்டி இராச்சியம் நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்ட நாடாயிற்று.

இவ்விடத்தில் வாசகர் சற்று நின்று கவனிக்க வேண்டும். எல்லை கடந்த நதிகளைப் பற்றி இன்று நாம் கேள்விப்படும் வழக்குகள் யாவும் ஒரே மாதிரியானவை: மேலே இருப்பவன் அணை கட்டி நீரைத் தடுக்கிறான், கீழே இருப்பவன் வயல் காய்ந்து முறையிடுகிறான். மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் காவிரியைக் குறித்து 1892இலும் 1924இலும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டது இக்காரணத்தால்தான். மகாவலியின் பழைய வழக்கு இதற்கு நேர் எதிரானது. கண்டி மன்னனிடம் நீர் முழுவதும் இருந்தது. ஆயினும் அந்த மலையாற்றை நிறுத்திப் பணியவைக்கும் அணை எதுவும் அவனிடம் இல்லை. ஒல்லாந்தரிடம் இருந்ததோ வெறும் முகத்துவாரம். எனினும் மலைநாட்டின் பாக்கும் மிளகும் வெளியே போக வேண்டியதும், உப்பும் கருவாடும் துணியும் உள்ளே வர வேண்டியதும் அவர்களது கரையின் வழியாகவே. உடன்படிக்கையிலே கண்டிக் குடிகளுக்கு உப்பெடுக்கும் உரிமை தனியாகக் குறிக்கப்பட்டிருப்பதைக் காணும்போது, எதற்கு அஞ்சி அந்த மன்னன் பேரம் பேசினான் என்பது விளங்குகிறது. பொதிமாடுகளின் முதுகில் ஏறி மலைக்கு வந்த ஒவ்வொரு உப்புப் பொதியும் அந்நிய மண்ணில் அள்ளப்பட்டது. அணை தோன்றுவதற்கு முந்திய உலகில், எல்லை நதியின் கீழ்க்கரைக்காரனே மேலானவன்.

அந்நியக் கரையை மீற வழி தேடித்தான் கண்டி அரண்மனை சென்னையிலிருந்த ஆங்கிலேயரோடு இரகசியமாகப் பேசிப் பார்த்தது. 1762இல் ஜோன் பைபஸும், 1782இல் ஹியூ போய்டும் திருகோணமலைப் பக்கத்தில் இறங்கி, மகாவலி பாயும் காடுகளைக் கடந்து மலையேறிக் கண்டிக்கு வந்த தூதர்கள். இருவரும் மன்னன் முன்னிலையில் மண்டியிட்டதும் வெறுங்கையோடு திரும்பியதும் தவிர அத்தூதுகளால் விளைந்தது சொற்பமே. 1795–96இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரின் கரைகளைத் தாமே கைப்பற்றியபோது எல்லை அப்படியே இருந்தது. அதைக் காக்கும் சிப்பாயின் சட்டை மட்டும் மாறிற்று.

மலைநாட்டு மன்னர்களுக்கு நதி அளித்த பாதுகாப்பு எத்தகையது என்பதை இரண்டு சம்பவங்கள் காட்டும். 1638இல் கண்டியைக் கொள்ளையிட்டுத் திரும்பிய போர்த்துக்கேயப் படை, பேராதனைக்கு எதிரே கன்னொறுவையில், ஆற்றங்கரையிலேயே மடக்கி அழிக்கப்பட்டது. 1803இன் கதை இன்னும் கொடியது. தேசாதிபதி நோர்த் அனுப்பிய படைகள் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் இரு திசைகளில் வந்து கண்டியைப் பிடித்து, நாயக்கர் குலத்து முத்துசாமி என்பவரை மன்னர் என்று சொல்லி அமர்த்திவிட்டு, ஒரு சிறு காவற்படையை விட்டுச் சென்றன. காய்ச்சலால் அப்படை பாதியாகத் தேய்ந்தபின், ஜூன் மாதம் சரணடைந்த மேஜர் டேவி, திருகோணமலைக்குச் செல்ல அனுமதி பெற்றுப் புறப்பட்டு, வட்டப்புளுவைத் துறையை அடைந்தபோது தென்மேற்குப் பருவமழையில் மகாவலி கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. தெப்பம் கட்டியும் கடக்க முடியவில்லை. மறுகரையைப் பார்த்தபடி காத்திருந்தவர்களிடம் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் ஆட்கள் முத்துசாமியைக் கேட்டனர், டேவி கொடுத்துவிட்டார், முத்துசாமி கொல்லப்பட்டார், ஆயுதங்களை ஒப்படைத்த பின்னர் ஆங்கிலப் படையினரும் கொல்லப்பட்டனர். ஆங்கிலேயர் எழுதிய சரித்திரங்கள் இந்தப் படுகொலையை விஸ்தாரமாக வருணிக்கும். நம்பி வந்தவரைக் கையளித்த காரியத்தைச் சற்று வேகமாகக் கடந்துவிடும்.

1815 மார்ச் 2ஆம் தேதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானதும் மகாவலியின் எல்லை மறைந்தது. மலை முதல் கடல் வரை முதன்முறையாக ஓர் அந்நிய முடியின் கீழ் வந்தது நதி. ஒரு விசித்திரப் பொருத்தத்தை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அதே 1815இன் ஜூன் மாதத்தில், வியன்னா மாநகரில் கூடிய ஐரோப்பிய அரசுகள், பல நாடுகளினூடே செல்லும் நதிகளில் கப்பற் போக்குவரத்து யாவருக்கும் சுதந்திரமானது என்று தீர்மானித்து, றைன் நதிக்கென ஒரு மத்திய ஆணைக்குழுவையும் நிறுவின. எல்லை நதியைப் பங்கிட்டு வாழும் வழியை ஐரோப்பா தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில், நம்முடைய எல்லை நதியின் பிரச்சினையோ ஓர் இராச்சியத்தை அழிப்பதனால் தீர்த்துவைக்கப்பட்டது.

எல்லை அகன்ற மலைக்கு வேறு எல்லைகளைக் கடந்த மக்கள் வந்தனர். புசல்லாவையில் றொத்சைல்ட் குடும்பத்தின் உறவினர்களான வோம்ஸ் சகோதரர்கள் 1840களில் காடழித்துக் கோப்பி பயிரிட்ட தோட்டம் இன்றும் றொத்சைல்ட் என்ற பெயரையே தாங்கியிருக்கிறது. அத்தகைய தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை நடந்தனர். நொக்ஸ் தப்பிச் சென்ற திசைக்கு எதிர்த்திசையில், ஏறத்தாழ அதே நிலத்தின் வழியே. வழியில் வாந்திபேதியால் மாண்டவர்களின் தொகையை எவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும், 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் ஒதுக்கிய 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையும் அவர்களின் சந்ததியினரை மறுபடியும் ஓர் எல்லையின் இரு புறங்களிலும் வகுத்தன. சர்வதேச நதியின் நீரைப் பங்கிடுவதற்குச் செய்யும் கணக்கை மனிதரைக் கொண்டு செய்தார்கள்.

இனி அணைகளின் யுகம். 1960களில் ஐக்கிய நாடுகளின் உதவியோடு மகாவலிக்கு வகுக்கப்பட்ட பெருந்திட்டம் முப்பதாண்டு வேலையாக எண்ணப்பட்டது. 1977க்குப் பின் அதன் பிரதான பகுதிகள் துரிதப்படுத்தப்பட்டன. 1976இல் பொல்கொல்லை; 1985இல், சுவீடனின் உதவியுடன் நம் கொத்மலையும், பிரித்தானிய உதவியுடன் 122 மீட்டர் உயரமுள்ள விக்டோரியாவும்; தொடர்ந்து ஜெர்மானிய உதவியுடன் ரந்தெனிகலை. மின்சாரமும் நெல்லும் இவற்றால் பெருகின என்பதை மறுப்பதற்கில்லை. கொத்மலைப் பள்ளத்தாக்கில், துட்டகைமுனு மறைந்து வாழ்ந்ததாக ஐதிகம் சொல்லும் பழைய கிராமங்களும் வயல்களும் விகாரைகளும் நீரில் மூழ்கின. வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது கடதொர விகாரையின் இடிபாடு வெளியே தெரியும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கீழ்நிலத்துக் குடியேற்றங்களுக்கும் அயல் தோட்டக் காணிகளுக்கும் பெயர்ந்தன. நதியின் தலைமாட்டில் நான்கு தலைமுறையாக லயங்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளருக்கோ, அந்நதி புதிதாக நனைத்த காணியில் பங்கு பெரும்பாலும் எட்டவில்லை. கிழக்கிலும் வடக்கெல்லையிலும் குடியேற்றங்கள் எழுந்தபோது, தங்கள் நிலத்தின் குடிசனப் பரம்பல் மாற்றப்படுகிறதென்று தமிழர் எழுப்பிய ஆட்சேபமும் இந்த நீரோடு சேர்ந்தே ஓடியது.

அணை வந்ததும் பழைய நியதி தலைகீழாயிற்று. 1766இல் வாயைப் பிடித்தவனிடம் இருந்த பலம், இப்போது கதவைப் பிடித்தவனிடம் போய்ச் சேர்ந்தது. அதைத் தீவு முழுவதும் உணர்ந்த தருணம் 2006 ஜூலை. வெருகல் கிளையிலிருந்து கீழ்நிலத்து வயல்களுக்கு நீர் பிரியும் மாவில் ஆற்று மதகு அன்று விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்தது. அதை நம்பிய வயல்களிற் பெரும்பாலானவை அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தன. ஜூலை 21ஆம் தேதி மதகின் கதவு மூடப்பட்டது. சில நாட்களில் விமானக் குண்டுவீச்சு. ஆகஸ்ட் தொடக்கத்தில் மூதூர் நகரமே யுத்தகளமாகிச் சனங்கள் சிதறி ஓடினர். உதவி நிறுவனம் ஒன்றின் 17 ஊழியர்கள் அந்நகரில் கொல்லப்பட்டனர். மதகு திறக்கப்பட்ட பின்னரும் யுத்தம் நிற்காமல் 2009 வரை நீண்டது. எந்தத் தேசப்படத்திலும் அச்சிடப்படாத ஓர் எல்லை, ஒரு மதகின் பலகையில் வெளிப்பட்டது.

அந்தக் கோடும் இப்போது இல்லை. ஆனால் நதியே இன்று 1766இன் நதியாக இல்லை. பொல்கொல்லையில் திருப்பப்படும் நீர், மலையைக் குடைந்த 8 கிலோமீட்டர்ச் சுரங்கத்தின் வழியாகச் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையில் சேர்ந்து, போவத்தென்னையில் மீண்டும் பிரிந்து கலாவாவிக்குச் செல்கிறது. கலாவாவியின் நீரில் ஒரு பகுதி கலா ஓயாவின் வழியே புத்தளப் பக்கத்து மேற்குக் கடலை நோக்கியும், இன்னொரு பகுதி பண்டைய யோத எலையின் வழியே அநுராதபுரத்துக் குளங்களுக்கும், அவற்றின் கழிநீராக மல்வத்து ஓயாவுக்கும் போகிறது. ஆகவே புசல்லாவைச் சரிவிலே பெய்யும் மழையின் ஒரு பகுதி மூதூரில் கொட்டியாரக் குடாவையும், ஒரு பகுதி வெருகலையும் அடைய, இன்னொரு பகுதி கலா ஓயாவின் வாயையும், சிறிதேனும் நொக்ஸ் நடந்த அருவி ஆற்றின் வழியே அரிப்புக் கரையையும் சேரக்கூடும். எந்தத் திசைக்கு எவ்வளவு என்பதை, ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் மகாவலி அதிகாரசபையின் நீர் முகாமைத்துவக் குழு, மின்சாரத்துக்கும் நெல்லுக்கும் இடையிலான இழுபறியோடு கூடி இருந்து தீர்மானிக்கிறது.